அக்கா தூங்காத படம்

என் அத்தான் எடுத்த படங்களில் ஒன்றைக்கூட என் அக்கா முழுதாகப் பார்த்தது கிடையாது. பேய்ப் படத்தில் தூங்கினாள். போலீஸ் படத்தில், தியேட்டரே அதிரத் துப்பாக்கி வெடித்துக்கொண்டிருந்தபோது தூங்கினாள். ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த படத்தில் இடைவேளைக்கு முன்பே குறட்டை விட ஆரம்பித்துவிட்டாள். முன்வரிசைக்காரர் திரும்பி, "யாருங்க அது?" என்று முறைத்தார். "டைரக்டர் சம்சாரம்" என்றார் அத்தான், கொஞ்சமும் கூசாமல்.

ஒவ்வொரு படத்தின் முதல் காட்சிக்கும் இருவரும் ஜோடியாக வருவார்கள். பெயர்கள் ஓடி முடிவதற்குள் அக்காவின் தலை அவர் தோளில் சாய்ந்துவிடும். அதன்பிறகு படம் முடியும்வரை மனிதர் அந்தத் தோளை அசைக்க மாட்டார். மூக்கு அரித்தால்கூட மறு கையால்தான் சொறிந்துகொள்வார். ஆபரேட்டர் அறையின் சின்ன ஜன்னல் வழியாக நான் பார்த்துக்கொண்டிருப்பேன். படம் எங்கே இழுக்கிறது, ஒலி எங்கே இரைகிறது என்று கவனிப்பதுதான் என் வேலை. கவனித்தது என்னவோ அந்தத் தோளைத்தான்.

நான் அவர் மனைவியின் தங்கை, அவருடைய எடிட்டரும்கூட. எனக்கு மூக்குமேல் கோபம் வரும் என்பது யூனிட் முழுக்கப் பிரசித்தம். "இவ கையில கத்தரி இருக்கு, பாத்துப் பேசுங்க" என்று புதிதாக வருகிறவர்களை அத்தான் எச்சரிப்பார்.

அவர் இறந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. இறந்த மறுநாள் பத்திரிகைகளைப் புரட்டியபோது ஒரே நாளில் நாலைந்து பேர் செத்துப்போன மாதிரி இருந்தது. ஒன்றில் 'பேய்ப்பட மன்னன் மறைவு' என்று போட்டிருந்தார்கள். இன்னொன்று அவரைக் குடும்பக் கதைகளின் சிற்பி என்றது. மூன்றாவதில் அவர் சிரிக்கவைத்தே வாழ்ந்தவர். அவர் எடுத்த கோர்ட்டு நாடகம், போர்ப் படம், குழந்தைகள் படம், பாட்டாலேயே நிரப்பிய காதல் கதை எல்லாவற்றுக்கும் தனித்தனியாக ஒருவர் அழுதார். ஒரே மாதிரிப் படத்தை அவர் இரண்டாம் முறை எடுத்ததில்லை. "நேத்துப் போட்ட சட்டையை இன்னைக்கும் போடுவியா?" என்று கேட்பார். நிஜத்தில் அவர் ஒரே சட்டையை மூன்று நாள் போடுவார் என்பது வேறு விஷயம்.

அக்கா எல்லாப் பத்திரிகைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்துவிட்டு, "இதுல எதுடி என் புருஷன்?" என்று கேட்டாள்.

எல்லாம் முடிந்த கையோடு அவள் ஒரே ஒரு பையுடன் என் வீட்டுக்கு வந்தாள். ஒரு வாரம் இருப்பேன் என்றாள். பிறகு அவளுடைய வீட்டுப் பேச்சையே எடுக்கவில்லை. அந்தத் தெரு வழியாகப் போக நேர்ந்தால், வேறு வழியாகப் போகச் சொல்வாள். வீட்டுச் சாவி என் கைப்பையின் அடியில் கிடந்தது. ஆனால் தினமும் விடிந்ததும் சமையலறை வாசலில் அவள் கை இடப்பக்கச் சுவரைத் தடவும். என் வீட்டில் சுவிட்ச் வலப்பக்கம். அவள் கால்தான் என் வீட்டில் இருந்தது, கை இன்னும் அங்கேயே இருந்தது.

இந்த நேரம் பார்த்துத்தான் இயக்குநர் சங்கத்தின் செயலாளர் வந்து சேர்ந்தார். நல்ல மனிதர்தான், அத்தான்மேல் உயிரையே வைத்திருந்தவர். ஆனால் வாயைத் திறந்தால் மேடைப் பேச்சு. "அம்மா, சார் வாழ்ந்த வீடு இனி உங்க வீடு இல்ல, மக்களோட வீடு. நினைவில்லம் ஆக்கணும். நீங்களும் அங்க இல்லை. ஒரு வார்த்தை சரின்னு சொன்னா, நினைவுக் கூட்டத்துல மேடையிலேயே அறிவிச்சிடலாம்."

"எடுத்துக்குங்க" என்றாள் அக்கா, ஏதோ பக்கத்து வீட்டுக்காரர் குடை கேட்டதுபோல.

"அக்கா!" என்று நான் கத்தினேன்.

"என்னடி அக்கா? நான் அங்க போய் யார் முகத்தைப் பார்க்க? அவர் இருந்தப்பவே அந்த வீட்ல இருந்ததில்ல. எப்பப் பாரு ஷூட்டிங். வீட்டு நினைப்பே இல்லாத மனுஷன்."

இந்தக் கடைசி வாக்கியம் புதிதல்ல. கல்யாணமான காலத்திலிருந்து அவள் சொல்லிக்கொண்டு வருவது. முன்பெல்லாம் சண்டையில் சொல்வாள், பிறகு கிண்டலாகச் சொல்வாள். இப்போது சொன்னபோது சண்டையும் இல்லை, கிண்டலும் இல்லை. வெளியூரில் இருக்கும் அவள் பிள்ளையைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். "அம்மா இஷ்டம் சித்தி" என்று நழுவிவிட்டான்.

செயலாளர் என்னிடம் சாவியை வாங்கிப் போய் வீட்டை அளந்து பார்த்தார். திரும்பக் கேட்க நான் போனபோது எல்லாப் பொருளிலும் சீட்டு ஒட்டியிருந்தது. 'இயக்குநரின் மூக்குக்கண்ணாடி.' 'இயக்குநரின் குடை.' கூடத்து மர நாற்காலியில் பெரிய எழுத்தில், 'இயக்குநர் அமர்ந்த நாற்காலி. யாரும் அமரக் கூடாது.' சமையலறையில் மட்டும் ஒன்றுமே ஒட்டவில்லை.

"இங்க ஏன் விட்டுட்டீங்க?" என்று கேட்டேன்.

"இங்க சார் சம்பந்தப்பட்டது எதுவும் இல்லையேம்மா. இந்தச் சுவரை இடிச்சா வர்றவங்க செருப்பு விட இடம் கிடைக்கும்."

எனக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது. அந்த அடுப்பின் முன்னால் என் அக்கா ஓர் ஆயுளையே நின்று கழித்திருக்கிறாள். அங்கே செருப்பு விடுவார்களாம்! சாவியை அவர் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வந்தேன். ஆனால் வந்து என்ன செய்ய? வீடு அக்காவுடையது, அவள் சரியென்று சொல்லிவிட்டாள். கூட்டம் நடக்கும்வரைதான் அவகாசம். மேடையில் அறிவித்துவிட்டால் பிறகு மாற்ற முடியாது.

போதாததற்கு, அந்தக் கூட்டத்தில் காட்ட அத்தான் படங்களிலிருந்து ஒரு தொகுப்பையும் நான்தான் வெட்டித் தர வேண்டும். "சாரோட சிறந்த காட்சிகள் எல்லாம் வரணும்மா. பத்து நிமிஷம் போதும்."

உட்கார்ந்து வெட்டினேன். பேய் கிணற்றிலிருந்து எழுந்தது. நீதிபதி தீர்ப்பு வாசித்தார். காதலர்கள் மலையுச்சியில் பாடினார்கள். ஓட்டிப் பார்த்தால், வீடு மாற்றுகிறவர்கள் லாரியில் சாமான் ஏற்றின மாதிரி இருந்தது. எல்லாம் நல்ல சாமான்தான், ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை. பத்திரிகைகள் செய்த அதே காரியத்தை நானும் செய்து வைத்திருந்தேன். "இதுல எதுடி என் புருஷன்?" என்று அக்கா கேட்டது காதில் ஒலித்தது. அழித்துவிட்டு மறுபடி வெட்டினேன். மறுபடியும் லாரிதான் வந்தது.

அவர் எப்படி வேலை செய்தார் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். அவர் செட்டில் 'கட்' என்ற சொல்லே கிடையாது. அதைக் கேட்டதும் நடிகர்களின் முகம் பட்டென்று அணைந்துவிடுகிறதாம். அதனால் காட்சி முடிந்தபிறகும் கேமராவைக் கொஞ்ச நேரம் ஓடவிடுவார். அழுதவள் மூக்கைச் சிந்துவாள், அடித்தவன் கையை உதறிக்கொள்வான். அதெல்லாம் ஆனபிறகு, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வதுபோல, "சரி, வீட்டுக்குப் போலாம்" என்பார். காலையில் எடுக்கும் முதல் ஷாட்டுக்கும் அதே வார்த்தைதான். பழகியவர்கள் அடுத்த ஷாட்டுக்குத் தயாராவார்கள். புதியவர்கள் மாட்டிக்கொள்வார்கள்.

போர்ப் படத்தில் இரண்டு படைகளுக்கும் ஆட்களைப் புதிதாகப் பிடித்து வந்திருந்தார்கள். முதல் ஷாட் முடிந்தது. அத்தான் வழக்கம்போல முணுமுணுத்தார். உதவியாளர் ஒருவர் அதை மைக்கில் உரக்கச் சொல்லித் தொலைத்துவிட்டார். அவ்வளவுதான். இரண்டு படைகளும் துப்பாக்கிகளைக் கீழே போட்டுவிட்டு, ஒருவர் தோள்மேல் ஒருவர் கை போட்டுக்கொண்டு, பஸ்ஸைப் பார்த்து நடையைக் கட்டின. தயாரிப்பாளர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அத்தானோ கேமராமேனைப் பார்த்து, "ஓடுதா? ஓடட்டும், ஓடட்டும்" என்றார். படத்தின் கடைசிக் காட்சியே அதுதான். விமர்சகர்கள் அதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார்கள்.

காட்சிக்குப் பின்னால் ஓடும் இந்த மிச்சத்தை நாங்கள் வால் என்போம். வாலை நறுக்குவது என் வேலை. நறுக்கியதை எறிய விடமாட்டார், தகர டப்பாக்களில் போட்டு வைக்கச் சொல்வார். "எதுக்கு அத்தான் இந்தக் குப்பை?" என்று நான் எரிந்து விழுந்தால், "இருக்கட்டும்மா. பாவம், அவங்க மூச்சு விடற இடம் அது ஒண்ணுதான்" என்பார். பிற்பாடு எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறியபோது டப்பாக்களும் அதற்குள் போயின. நான் அவற்றைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

கூட்டத்துக்கு இன்னும் சில நாட்களே இருந்தன. அக்காவும் நானும் என் சமையலறையில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். திடீரென்று, "நான் கூட்டத்துக்கு வரலைடி" என்றாள்.

"என்னக்கா விளையாடறியா? வீட்டைக் குடுக்கறதே நீதான். நீ இல்லாம எப்படி?"

"எழுதிக் குடுத்துடறேன், வாசிக்கட்டும். அங்க படம் போடுவாங்கல்ல?"

"போடத்தான் போறோம்."

"லைட்டை அணைச்சா நான் தூங்கிடுவேன்."

"தூங்கேன். இத்தனை வருஷமா தூங்கலையா? புதுசா இப்ப வெக்கம் வந்துடுச்சா?"

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "தூங்கினா எழுப்ப யாரு இருக்கா?"

"நான் எழுப்பறேன்."

"நீ 'ஏய், எழுந்திரு'ன்னு உலுக்குவ. அவர் அப்படியா? லைட்டெல்லாம் போட்டு, கூட்டம் கலையற வரைக்கும் சும்மா உக்காந்திருப்பார். அப்புறம் காதுகிட்ட குனிஞ்சு மெதுவா, 'சரி, வீட்டுக்குப் போலாம்'பார். நான் பையை எடுத்துட்டு எழுந்திருப்பேன். அவர் என்னோட வீட்டுக்கு வர்றது அந்த ஒரு நாள்தாண்டி. அதுக்காகத்தான் போவேன். படம் யாருக்கு வேணும்?"

அக்கா ஷூட்டிங் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை. நானோ முதல் காட்சியன்று ஆபரேட்டர் அறையை விட்டு இறங்கியதில்லை. தியேட்டரில் அவர் என்ன சொல்லி எழுப்புவார் என்பது எனக்குத் தெரியாது. செட்டில் என்ன சொல்லி முடிப்பார் என்பது அவளுக்குத் தெரியாது. அந்த வார்த்தையை எத்தனை வால்களோடு சேர்த்து வெட்டிப் போட்டிருப்பேன்! வெட்டி ஒட்டுவதே பிழைப்பாக இருந்த எனக்கு, இந்த இரண்டையும் ஒட்டிப் பார்க்க அவர் செத்தபிறகுதான் வாய்த்தது.

சொல்லிவிட வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். நான் சொன்னால் ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைப்பாள். அவரே சொல்லட்டும்.

"நீ வந்தா மட்டும் போதும். எழுப்பறதுக்கு நான் ஆள் ஏற்பாடு பண்றேன்."

"யாரு?"

"வந்து பாரு."

"உன் திமிர் உன்னை விட்டுப் போகாதுடி" என்றாள். ஆனால் வரமாட்டேன் என்று மறுபடி சொல்லவில்லை.

சிறந்த காட்சிகளை எல்லாம் தூக்கிப் போட்டேன். வால்களைத் திறந்தேன். அவருடைய முதல் படத்திலிருந்து கடைசிப் படம்வரை ஒவ்வொன்றாக எடுத்துக் கோத்தேன். இப்போது லாரியும் இல்லை, சாமானும் இல்லை. என் மேஜைமேல் ஒரே ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். அழுதுகொண்டேதான் வெட்டினேன், அதை மறைக்க என்ன இருக்கிறது? செயலாளர் முன்கூட்டியே பார்க்க வேண்டும் என்று கேட்டார். "வேலை முடியறதுக்கு முன்னாடி அத்தானுக்கே காட்டினதில்ல" என்று போனை வைத்துவிட்டேன்.

கூட்டம் ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு பழைய தியேட்டரில். மேடையில் அத்தானின் பெரிய படம், பக்கத்தில் துணி போட்டு மூடிய ஒரு பலகை. துணிக்கு அடியில் 'நினைவில்லம்' என்று எழுதியிருக்கிறது என்பது எனக்குத் தெரியும். இந்த முறை நான் ஆபரேட்டர் அறைக்குப் போகவில்லை. முன்வரிசையில், அக்காவுக்கு இடப்பக்கம், வழக்கமாக அவர் உட்காரும் பக்கத்தில் உட்கார்ந்தேன். பேசியவர்கள் வாய் கிழியப் பேசினார்கள். பிறகு விளக்கை அணைத்தார்கள். நான் தோளைத் தயாராக வைத்துக்கொண்டேன்.

திரையில் கோர்ட்டு. மரண தண்டனை விதித்து முடித்த நீதிபதி, மேஜைக்கு அடியில் காலால் செருப்பைத் துழாவுகிறார். கிடைக்கவில்லை. குனிந்து தேடுகிறார். எங்கிருந்தோ ஓர் இளம் குரல்: "சரி, வீட்டுக்குப் போலாம்." தியேட்டர் கொல்லென்று சிரித்தது.

அடுத்து பேய். முகத்தில் விழுந்த முடியை ஊதித் தள்ளிவிட்டு, "டீ வந்துடுச்சா?" என்கிறது. "சரி, வீட்டுக்குப் போலாம்." சாகும்வரை பிரியமாட்டோம் என்று சத்தியம் செய்த காதலி, "என் காலை மிதிச்சிட்டிருக்கீங்க" என்று காதலனிடம் சொல்கிறாள். "சரி, வீட்டுக்குப் போலாம்." வில்லன் தான் அடித்து வீழ்த்திய போலீஸ்காரரைக் கைகொடுத்துத் தூக்கி, சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிடுகிறான். மகனின் பிணத்தின்மேல் விழுந்து புரண்ட தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர, பிணம் ஒரு கண்ணைத் திறந்து அவளைப் பார்த்துச் சிரிக்கிறது. குழந்தைகள் படத்துச் சின்னப் பெண் கேமராவுக்கு நேராக வந்து நின்று, "நான் நல்லா பண்ணினேனா?" என்று கேட்கிறாள். "ரொம்ப நல்லா பண்ணினே கண்ணு. சரி, வீட்டுக்குப் போலாம்."

குரல் மெல்ல மெல்லத் தடித்தது. பிறகு கரகரத்தது. சிரித்துக்கொண்டிருந்த தியேட்டர் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. ஒவ்வொரு வாலின் முடிவிலும் எல்லோரும் அந்தக் குரலுக்காகக் காத்திருந்தார்கள். பின்வரிசைகளில் பழைய யூனிட் ஆட்கள் அவரோடு சேர்ந்து முணுமுணுப்பது கேட்டது.

என் தோளில் எடை விழவில்லை. திரும்பிப் பார்த்தேன். அக்கா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். கண் அகலத் திறந்திருந்தது.

"எல்லா ஷாட்டுக்குமாடி?" என்று கேட்டாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"எல்லா ஷாட்டுக்கும்."

"காலையிலயுமா?"

"காலையில முதல் ஷாட்டுக்கே."

"படுபாவி மனுஷன்" என்றாள். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே." கன்னத்தில் வழிந்ததைத் துடைத்துக்கொள்ளவும் தோன்றாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கடைசியாக, கடைசிப் படத்தின் கடைசி ஷாட். ஒரு தெருமுனை, ஆட்கள் போய்விட்டார்கள், கேமரா மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஓர் இருமல். "சரி" என்றது குரல். பிறகு வெகு நேரம் மூச்சு வாங்கும் சத்தம் மட்டும். வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தை நறுக்கியிருப்பேன். நறுக்கவில்லை. "வீட்டுக்குப் போலாம்."

விளக்கு எரிந்தது. யாரும் கைதட்டவில்லை. அக்கா மடியிலிருந்த பையை எடுத்துக்கொண்டாள், காலால் செருப்பைத் துழாவி மாட்டிக்கொண்டாள், எழுந்து நின்றாள். இத்தனை வருஷப் பழக்கத்தில் இடப்பக்கம் திரும்பினாள். அங்கே நான் இருந்தேன்.

மேடையில் செயலாளர் மைக்கைப் பிடித்துக்கொண்டார். "அம்மா எழுந்துட்டாங்க. நினைவில்லம் பற்றிய மகிழ்ச்சியான அறிவிப்பை இப்போது அம்மா அவர்களே…"

"நான் வீட்டுக்குப் போறேம்பா" என்றாள் அக்கா, நின்ற இடத்திலிருந்தே. மைக் இல்லாமலே எல்லோருக்கும் கேட்டது. "நீங்க கூட்டத்தை நடத்துங்க."

"அம்மா, அந்த வீடு…"

"அந்த வீட்டுக்குத்தான் போறேன். பலகையை வேற எங்கயாவது மாட்டிக்குங்க." பிறகு என் பக்கம் குனிந்து, "சாவி உன் பையிலதானே இருக்கு? எழுந்திருடி. சொல்லிட்டார்ல."

நல்ல வெயில் நேரத்தில் வீட்டைத் திறந்தோம். இரண்டு மாதத் தூசி. அக்கா நேராகச் சமையலறைக்குப் போனாள். அவள் கை பார்க்காமலே இடப்பக்கச் சுவருக்குப் போயிற்று, விளக்கு எரிந்தது. அடுப்பு, அலமாரி, குழாய் எல்லாவற்றையும் ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். கூடத்துக்கு வந்து நாற்காலியில் ஒட்டியிருந்ததைப் படித்தாள். "யாரும் அமரக் கூடாதாமே!" என்று சொல்லிவிட்டுத் தொப்பென்று அதில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தபடியே சீட்டைக் கிழித்தாள்.

"அது உன்கிட்ட இருக்கா? இன்னொரு தடவை போடு" என்றாள் கொஞ்ச நேரம் கழித்து.

ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டேன். சோபாவுக்கு எதிரே மேஜையில் மடிக்கணினியை வைத்துவிட்டு, நாற்காலியிலிருந்து சோபாவுக்கு வந்த அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். நீதிபதி செருப்பைத் தேடிக் குனிவதற்குள் என் தோளில் எடை விழுந்தது. பேய் டீ கேட்டபோது குறட்டையும் வந்துவிட்டது. எனக்கு மூக்கு அரித்தது. மறு கையால் சொறிந்துகொண்டேன். தோள் மரத்துப்போனபிறகும் அசையவில்லை. இத்தனை படங்களுக்கு இப்படியே எப்படித்தான் உட்கார்ந்திருந்தாரோ!

தெருமுனை வந்தது. இருமல் வந்தது. "சரி" என்றது குரல். மூச்சு வாங்கியது. "வீட்டுக்குப் போலாம்."

அக்கா கண்ணைத் திறக்கவில்லை. என் தோளில் தலையை இன்னும் கொஞ்சம் வாகாக வைத்துக்கொண்டாள்.

"வந்தாச்சுங்க" என்றாள்.